ஆறு பேருக்கு ஒரு பதுங்குகுழி

என் பத்தாவது வயதில் எனக்கு ஒரே ஒரு தோழி இருந்தாள். அதற்கு முன்பும் பின்பும் யாரும் இல்லை என்பதால் எண்ணிக்கை தவற வாய்ப்பில்லை.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா நூல் மில்லுக்கும் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்விட்டால், ஊரைவிட்டுத் தள்ளியிருந்த எங்கள் வீட்டில் சாயங்காலம்வரை நான் மட்டும்தான். சுவரில் ஊரும் எறும்புகளை எண்ணி நோட்டில் எழுதிவைப்பேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம், இலங்கையில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் இருந்தது. அங்கிருந்து வந்து என் வகுப்பில் சேர்ந்தவள் அவள். அவளை யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. என்னையும்தான். அதனால் நாங்கள் சேர்ந்தோம்.

முழுப்பரீட்சை லீவில் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாண்டி ஆடலாமா என்று கேட்டேன். அவள் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்கட வீட்டில பங்கர் இல்லையோ?” என்றாள்.

விமானம் குண்டு போட வந்தால் இறங்கி ஒளிந்துகொள்ளும் குழியாம். அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டாம். வெட்டுவோம் என்றாள். எனக்கு வேறு வேலை இல்லை.

வீட்டுக்குப் பின்னால் பருத்தி எடுத்து முடிந்த எங்கள் புஞ்சை. கோடையில் கரிசல் கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் மண் பாளம் பாளமாகப் பெயரும். ஒன்பது நாள் வெட்டினோம். நீளம் என் காலடியில் பதினான்கு. ஆழம் என் கழுத்துவரை. பாதியில் வலப்பக்கம் திரும்பி வெட்டச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

“குண்டுச் சிதறல் நேராத்தான் வரும். வளைஞ்சு வராது.” பாண்டி ஆட்டத்தின் விதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இன்னொரு நாள், “உங்கட வீட்டில எத்தினை பேர்?” என்று கேட்டாள்.

“மூணு பேரு.”

“நாங்களும் மூண்டு. அப்ப ஆறு பேருக்கு வெட்டோணும்.”

மேலே, பிடுங்கிப்போட்ட காய்ந்த செடிகளான பருத்திமாரைப் பரப்பி மண்ணைத் தூவினோம். பக்கத்தில் நின்றாலும் குழி தெரியவில்லை. உள்ளே தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்போம். அந்த ஒன்பது நாளும் நான் எறும்புகளை எண்ணவில்லை.

பத்தாம் நாள் புஞ்சையில் கிடை போட்டார்கள். உரத்துக்காக ஆட்டுமந்தையைக் கொண்டுவந்து நிலத்தில் அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா ஆட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியாது. பொழுது சாய மந்தை வந்தது. ஒரு சினையாடு பருத்திமாரோடு உள்ளே விழுந்து முன்னங்காலை முறித்துக்கொண்டது.

“அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க! புஞ்சைக்குள்ள கிணத்தையில்லா வெட்டி மூடி வச்சிருக்கிய!” என்று ஆட்டுக்காரர் கத்தினார்.

அப்பா குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏட்டி, யாரு வெட்டுனது?”

நாங்கள் இருவரும் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

“முகாம் பிள்ளைதான்” என்றேன்.

“இனிமே அவ இந்தப் பக்கம் வரக் கூடாது, கேட்டியா?”

மறுநாள் காலையில் அப்பா மண்வெட்டியால் குழியை மூடிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். அப்பா நிமிர்ந்து, முகாம் இருக்கும் திசைக்குக் கையை நீட்டினார். அவ்வளவுதான். நான் காட்டிக்கொடுத்தது அவளுக்குப் புரிந்திருக்கும். ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் அருகே வந்து மெதுவாகக் கேட்டாள்:

“இதை மூடினா, இனி நீங்கள் மூண்டு பேரும் எங்க போய் ஒளிப்பியள்?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

“எங்க ஊருக்கெல்லாம் எந்த ஏரோப்ளேனும் வராது. போடி!”

அவள் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடையில் இறங்கிப் போனாள்.

பள்ளி திறந்ததும் அவள் பின்வரிசைக்குப் போய்விட்டாள். எங்க போய் ஒளிப்பியள் என்று நக்கல் செய்தவள் அவள்தானே, அவளே முதலில் வந்து பேசட்டும் என்று அந்த வருஷம் முழுவதும் என் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.