வார்டு வேலைக்கு இவ்வளவு சம்பளமா?

அடுத்த அறையில் இரும்புக் கட்டிலை இழுக்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. குளியலறையில் கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தார்.

"கட்டில ஏய்யா நடு வீட்டுல நிறுத்துற? வர்றவரு தாண்டிக் குதிச்சா வருவாரு?" இது அறைத் தோழன் வெல்டரின் குரல்.

"உன் அழுக்குத் துணி மூட்டைய மறைக்கத்தான் இழுக்கறேன். அதப் பாத்தாருன்னா இந்தச் சம்பந்தம் இல்ல, இந்த ஜென்மத்துல எந்தச் சம்பந்தமும் நடக்காது." இது கிரேன்காரர்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் குழாயைத் திறந்து, நகக்கண்களில் பிரஷ் போட்டுத் தேய்த்தார். துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்த சென்ட் பாட்டிலை எடுத்துக் கழுத்திலும் மணிக்கட்டிலும் அடித்துக்கொண்டார். நாள் தவறாமல் இப்படி அடிப்பதால் அந்தக் கட்டடம் முழுக்க அவருக்கு 'சென்ட் அண்ணன்' என்றே பெயர். கூப்பிடுகிறவர்களுக்கு அது கிண்டல். அந்த வாசனை எதை மறைக்கிறது என்பது அறைத் தோழர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"மாமோய்!" என்று கதவைத் தட்டினான் வெல்டர். "எல்லா இடத்துலயும் பொண்ணப் பாக்க வருவாங்க. இங்க பொண்ணோட அப்பனப் பாக்க வர்றாங்க. தலையக் குனிஞ்சு உக்காரு. ஆனா பாடச் சொன்னா மட்டும் பாடித் தொலைச்சுடாத."

வரப்போகிறவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. அதே நகரத்தின் மறுகோடியில், ஒரு கம்பெனி கிடங்கில் ஸ்டோர் கீப்பர். வெளிநாட்டில் இருப்பவரோடு சம்பந்தம் பேசினால், அங்கேயே வேலை பார்க்கும் உறவுக்காரர் ஒருவர் நேரில் போய் அறையைப் பார்த்து, ஆளைப் பார்த்து, ஊருக்கு போன் போட்டு 'சரி' என்று சொல்ல வேண்டும். அது எழுதாத சட்டம். அந்த ஒரு 'சரி'யில்தான் மகளின் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

மகள் போன வாரம் போனில் பேசியபோது, "அவரு சொன்னாருப்பா..." என்று ஆரம்பித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்த 'அவரு'வில் இருந்த குழைவு இருக்கிறதே, அதைக் கேட்ட பிறகு எந்தத் தகப்பனுக்குத் தூக்கம் வரும்? குழந்தை மனதில் ஆசை விழுந்துவிட்டது. இனி அது கலைந்தால் அவள் தாங்கமாட்டாள்.

அவர் முதலில் இந்த நாட்டுக்கு வந்தது கட்டட வேலைக்கு, சித்தாளாக. வாங்கிய சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே போதவில்லை. மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்கு மாறினார். ஒருநாள் மேற்பார்வையாளர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "பிணவறைக்கு ஆள் வேணும். சம்பளம் ரெண்டு மடங்குக்கு மேல. யார் வர்றீங்க?" என்று கேட்டார். ஒருவரும் முன்வரவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் கண்முன் வந்து நிற்க, தன் கை தானாக மேலே போனதை அவரே வேடிக்கை பார்த்தார்.

முதல் நாள் குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தார். இரண்டாம் நாளும் அப்படித்தான். பிறகொரு நாள் சாரத்திலிருந்து விழுந்த ஒரு இளைஞனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், உடை மாற்றிப் பெட்டியில் வைத்து விமானத்துக்கு அனுப்ப வேண்டும். விறைத்த கையைத் தூக்க முடியாமல் தவித்தவர், தன்னை அறியாமல், "தம்பி, கையக் கொஞ்சம் விடுப்பா" என்றார். அன்றிலிருந்து வாந்தி நின்றது. வருகிற ஒவ்வொருவரோடும் பேச ஆரம்பித்தார். "திரும்பு கண்ணு." "வலிக்காது ஐயா." "உங்க அம்மா பாக்கப் போறாங்க, தலை கலைஞ்சிருக்கலாமா?" என்று சீவிவிடுவார்.

வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வார்டு வேலை என்று சொல்லி வைத்திருந்தார். நோயாளிகளுக்குப் படுக்கை விரிக்கிறார் என்று மனைவி நம்பினாள்.

அழைப்பு மணி அடித்தது. கிரேன்காரர் ஓடிப் போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க!" அவர் கை கூப்பினார்.

சித்தப்பா பழப் பையோடு உள்ளே வந்தார். நல்ல மனிதராகத்தான் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "நம்ம பொண்ணு குரல் தங்கம் சம்பந்தி. என்னையும் 'சித்தப்பா'ன்னு வாய் நிறையக் கூப்பிடுது" என்றார். கேட்ட தகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவரே டீ கொண்டுவந்து கொடுத்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றிச் சம்பளத்தில் வந்து நின்றது. வெளிநாட்டில் நாலு பேர் கூடினால் அது வராமல் இருக்குமா?

"நான் கிடங்குல உக்காந்து இந்த ஊரயே எடை போட்டுருக்கேன்" என்றார் சித்தப்பா, பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "ஒருத்தன் என்ன வேலைன்னு சொன்னா போதும், வீட்டுக்கு என்ன அனுப்புவான்னு சொல்லிடுவேன். தம்பி வெல்டரா? நீங்க கொத்தனாருக்கு மேல, எலக்ட்ரீசியனுக்குக் கொஞ்சம் கீழ. பைப் வெல்டிங்னா கதையே வேற."

"எனக்கு வெறும் கேட்டும் கிரில்லும்தான் சித்தப்பா" என்றான் வெல்டர்.

"அப்போ கீழதான். கிரேன் ஓட்டுறவருக்கு என் கம்பெனி கணக்குப்பிள்ளையவிட ஜாஸ்தி. கோட்டு போட்டவன் சம்பளம் கொறச்சல், கொம்பு மேல உக்காந்தவன் சம்பளம் ஜாஸ்தி. வேடிக்கையான ஊரு!"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்கக் கூடாது. வார்டு வேலையில என் மச்சான் மகனும் இருக்கான். அவன் வாங்குற முழுச் சம்பளத்தப் போல ரெண்டு பங்கு நீங்க வீட்டுக்கே அனுப்புறீங்க. பொண்ணு வாயாலயே கேட்டேன். அது எப்படி?"

பொய்யை வேலையில் சொன்னவர், அனுப்பும் பணத்தில் சொல்ல மறந்துவிட்டார். ஊரில் யாருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. இங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை.

"ஓவர்டைம்!" என்று வெல்டர் முந்திக்கொண்டான். "மாமா ராப்பகலா உழைப்பாரு."

"எத்தனை ஓவர்டைம் பாத்தாலும் ஒரு நாளு ரெண்டு நாளாகாது தம்பி." சித்தப்பாவின் குரல் தணிந்தது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து மருந்து வெளிய போகுதுன்னு கேள்விப்படறேன். போன மாசம்கூட ரெண்டு பேரப் பிடிச்சாங்க. அந்த மாதிரி ஏதாவது..."

"சம்பந்தி!"

தன் கூச்சலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். திருடன் என்ற பெயரோடு மகளை எந்த வீட்டுக்கு அனுப்புவது?

"மாமா, வேணாம்" என்று வெல்டர் கண்ணைக் காட்டினான்.

"நான் பிணவறையில வேல செய்யறேன்." சொல்லிவிட்டார். "பிணம் கழுவுறேன். பெட்டியில வைக்கிறேன். அந்த வேலைக்கு ஆளே கெடைக்கல, அதனால சம்பளம் கூட. ஒரு மாத்திரைய நான் வெளிய எடுத்ததில்ல. என் பொண்ணு மேல சத்தியம்."

சித்தப்பாவின் பார்வை தயங்கித் தயங்கி அந்தக் கைகளுக்கு வந்தது. பிறகு அந்தக் கைகள் கொடுத்த டீ டம்ளருக்குப் போனது. வாயைத் துடைத்துக்கொண்டது அவர் வேண்டுமென்று செய்ததல்ல. கை தானாகப் போனது.

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"பையனோட அம்மா, எங்க அண்ணிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். சாவு வீட்டுத் தெருவுலகூட நடக்கமாட்டாங்க." சித்தப்பா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். பிறகு திரும்பினார். "திருட்டு இல்லங்கறது பெரிய நிம்மதி. கல்யாணத்த நிறுத்த எனக்கும் மனசு வரல, பையன் உயிரையே வெச்சிருக்கான். இந்த வேலைய விட்டுட்டு வார்டுக்கே மாறிடுங்களேன்."

"மாறிடறேங்க. நாளைக்கே மாறிடறேன். ஆனா அந்தச் சம்பளத்துல நீங்க கேட்ட நகை போட முடியாதே. கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லுங்க."

"அது முடியாது. அண்ணி ஊர் பூரா சொல்லிட்டாங்க."

"அப்போ நான் என்னதான் செய்யறது?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "வேலைய விடவேணாம். நகை வரட்டும். நீங்க கல்யாணத்துக்கு... வராம இருந்துடுங்க."

"யோவ்!" வெல்டர் துள்ளி எழுந்தான். கிரேன்காரர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"தம்பி, கோவப்படாதீங்க. இந்த ஊர்லேர்ந்து லீவுல வர்றவங்க நெறைய பேரு பந்தியில உக்காருவாங்க. அதுல ஒருத்தன் இவர அடையாளம் கண்டு, 'இவரா? பொணம் கழுவுறவரு'ன்னு சொன்னாப் போதும், எலையில உக்காந்தவங்க எந்திரிச்சுடுவாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு எங்க வீட்டுல எப்படி வாழும்? ஆள் கண்ணுல படலன்னா பேச்சே வராது. லீவு கெடைக்கலன்னு சொல்லிடலாம்."

"என் காசு வரலாம்" என்றார் அவர் மெல்ல. "நான் வரக்கூடாது."

"நான் செஞ்ச உலகமாங்க இது?" சித்தப்பாவின் குரலும் உடைந்திருந்தது.

முடியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனி வரை வார்த்தை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ரோஷக்காரர் என்று அறைத் தோழர்கள் தோளில் தூக்கியிருப்பார்கள். ஆனால் ஊரில் ஒரு பெண் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பாள். பாதியில் நின்றுபோன அந்த 'அவரு' அவர் காதிலேயே இருந்தது. ஒட்டும் உறவும் வர முடியாமல் தனியாகப் போகிற எத்தனையோ பேரை அவர் தினமும் பக்குவமாக வழியனுப்புகிறார். பெற்ற மகளை வழியனுப்பப் போகக் கூடாது என்று தலையில் எழுதியிருக்கிறது. அழ வேண்டும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை.

"சரிங்க. வரல."

"மாமா, உனக்குக் கிறுக்கா?" வெல்டரின் கண்கள் சிவந்துவிட்டன. "புள்ள கேக்குமே, அதுக்கு என்ன சொல்லுவ?"

"லீவு தரலன்னு சொல்லுவேன்." அவர் சித்தப்பாவைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு. அத நீங்க சொல்லாதீங்க, நானே சொல்றேன். அவகிட்ட பொய் சொல்லி எனக்குத்தான் பழக்கம். நீங்க சொன்னா கண்டுபிடிச்சுடுவா."

சித்தப்பா தலையை ஆட்டினார். பையிலிருந்து போனை எடுத்தவர், அங்கே நின்று பேச மனமில்லாமல் மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். "வெளிய போயி அண்ணிகிட்ட பேசிடறேன். எல்லாம் திருப்தின்னு சொல்லிடறேன்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவர் ஏதோ சொல்ல நினைத்துத் திரும்பினார். கை கொடுப்பதா, கும்பிடுவதா என்று தெரியாமல் அரைகுறையாக ஒரு கும்பிடு போட்டார். "உடம்பப் பாத்துக்கங்க சம்பந்தி. போயிட்டு வர்றேன்."

"நல்லபடியா போயிட்டு வாங்க. படியில விளக்கு இல்ல, பாத்து எறங்குங்க."

சித்தப்பாவின் காலடிச் சத்தம் ஒரு மாடி இறங்கும்வரை அவர் வாசலிலேயே நின்றார். கீழேயிருந்து, "அண்ணி, நான்தான் பேசறேன்..." என்ற குரல் மேலே வந்தது. கதவைக் கொஞ்சம் இழுத்தாலே படீரென்று அடித்துக்கொள்ளும். கோபத்தில் அறைந்துவிட்டார் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துவிடக் கூடாதே என்று, இரண்டு கைகளாலும் பிடித்து, ஓசை எழாமல் மெல்லச் சாத்தினார்.