பேராயரின் சக்கரமும் அப்பாவின் கத்தியும்

அந்தப் பேராயர் இறந்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. ஜெர்மனியில், ரைன் ஆற்றங்கரையில், மைன்ஸ் என்கிற ஊரில் இருந்தவர். திண்டுக்கல்லில் என் வீட்டு நல்ல நாள் ஒன்று அவரால் கெட்டது என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் தம்பிதான். சாமியார் ஆவதற்குக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் லீவில் வந்தவன், சோற்றைப் பிசைந்துகொண்டே கதையை எடுத்தான். வண்டிச் சக்கரம் செய்கிறவரின் மகனாம் அவர். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே போகிற பேராயர் பதவி அவருக்குக் கிடைத்துவிட்டது. பொறுக்காதவர்கள் அவருடைய அரண்மனைச் சுவரெல்லாம் சாக்கட்டியால் சக்கரம் வரைந்து வைத்தார்களாம். அவர் அழிக்கச் சொல்லவில்லை. வர்ணம் தீட்டுகிறவரைக் கூப்பிட்டு, தன் அறையிலேயே பெரிதாக ஒரு சக்கரம் வரையச் சொன்னார். எங்கிருந்து வந்தோம் என்பது மறக்கக்கூடாதாம். அந்த ஊரின் சின்னத்தில் இன்றைக்கும் சக்கரம் இருக்கிறது என்று போனில் காட்டினான். சிவப்பில் வெள்ளைச் சக்கரம்.

"அதுக்குப் பெறகு கேலி பண்ணுனவனுக சும்மா விட்டானுகளா?" என்று கேட்டேன். எனக்கு எதிலும் முதலில் வருவது அந்தக் கவலைதான்.

"சின்னப்புள்ள ராசாவ வச்சுக்கிட்டு நாட்டையே நடத்துனவரு அக்கா, அவரு. எவன் வாயத் தொறப்பான்?"

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். ஊறின தோலை மரத்தின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் சதையைச் சீவுகிற வேலை. விரல்களைச் சுண்ணாம்பு தின்றிருக்கும். கோவிலில் எங்களுக்கு முன் பெஞ்சில் இருக்கிற பெரிய தெருப் பெண்கள், நாங்கள் உட்கார்ந்ததும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். பள்ளிக்கூடத்திலும் என் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. எட்டாவதோடு நின்றுவிட்டேன். தையல் மிஷின் மூக்கைப் பொத்தாது.

கை கழுவும்போது தம்பி சொன்னான்: "எனக்குக் குருப்பட்டம் குடுக்கையில பூசை உடுப்பு நீதான் தைக்கணும். நெஞ்சுல அப்பாவோட கத்தியப் போட்டுரு, அக்கா."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. வெள்ளைப் பட்டில் கறை பட்டுவிட்டால்? எங்கள் வீட்டு வாடை துணியில் ஏறிவிட்டால்? பட்டை மூன்று பாலித்தீன் பைக்குள் வைத்திருந்தேன். அப்பா பரணிலிருந்து கத்தியை இறக்கி, துடைத்து, தாளின் மேல் வைத்தார். நான் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தேன்.

"ஏத்தா, எம்பொழப்பக் கொண்டுபோயி சாமி நெஞ்சுல ஒட்டப்போறியா?" என்றார். குரலில் வெட்கம். ஆனால் டீக்கடையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கத்திக்கு வெள்ளி நூல், பிடிகளுக்குப் பழுப்பு நூல். முடித்துவிட்டுப் பார்த்தபோது, ஆச்சரியம், எனக்குப் பயமில்லை.

பயம் தம்பிக்கு வந்தது. முதல் பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோவில் காரியம் பார்க்கிற பங்குப் பேரவைக்காரர்கள் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "இது பூசையா, கறிக்கடைத் திறப்பு விழாவா சாமி?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்களாம். வந்து வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அதப் பிரிச்சிரு. திராட்சைக் குலை போட்டுரு."

"அவரு சக்கரத்த அழிச்சாரா?"

"அவரு பேராயரு. நான் நேத்து மொளச்சவன். பெரிய தெருக்காரவுகளும் முத்தி செய்ய வரணும்ல?"

புதுச் சாமியாரின் உள்ளங்கையில் பட்டத்தன்று எண்ணெய் பூசுவார்கள். முதல் பூசை முடிந்ததும் சனமெல்லாம் வரிசையில் வந்து அந்தக் கைகளை முத்தமிடும். அதைத்தான் முத்தி செய்வது என்பார்கள். எங்கள் தெருப் பிள்ளையின் கையைப் பெரிய தெரு வாயால் தொடுமா என்பதுதான் அவனுடைய கேள்வி. கத்தியை எடுத்துவிட்டால் வருவதாகப் பேரவையில் சொன்னார்களாம்.

"அப்பாட்ட யாரு சொல்றது?"

"நீயே சொல்லேன்."

"நீ சொல்லு."

யாரும் சொல்லவில்லை.

பிளேடால் பிரித்தேன். நூல் வந்துவிட்டது, ஓட்டை போகவில்லை. பட்டில் ஊசி ஏறின இடம் மூடாது. ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்தும் பயனில்லை. மேலே திராட்சைக் குலையைத் தைத்தேன். கத்தி அதைவிட நீளம். இரண்டு பிடிகளின் இடமும் வெளியே தள்ளி, புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

பூசை முடிந்ததும் வரிசையில் முதல் ஆள் அப்பா. புது வேட்டி. மகனின் கைகளைப் பிடித்து, குனிந்து, இரண்டிலும் முத்தமிட்டார். பிறகு நெஞ்சைப் பார்த்தார். விரலை நீட்டி அந்தப் புள்ளிகளைத் தொட்டார்.

"இங்க ஒண்ணு இருந்துச்சுல்ல?"

"துணி தாங்கலப்பா," என்றான் தம்பி.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவனிடம், "சரிங்க சாமி," என்றார். அதுவரை அவனை அவர் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் தெரு முழுக்க முத்தமிட்டது. பெரிய தெரு ஆண்கள் தூரத்திலிருந்தே கும்பிட்டு, "கூட்டமா இருக்கு, பெறகு வாரோம் சாமி," என்று பந்திக்குப் போனார்கள். கறிக்கடை என்று கேட்டவர் மட்டும் வந்தார். குனிந்தார். அவர் உதடு உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது.

தம்பி இப்போது நத்தம் பக்கம் ஒரு பங்கில் சாமியாராக இருக்கிறான். போன மாதம் அவன் பூசைக்குப் போயிருந்தேன். பிரசங்கத்தில் அதே பேராயர், அதே சக்கரம். அவர் கட்டின பெரிய கோவில் அபிஷேக நாளிலேயே எரிந்துபோனதையும், கிழவர் மறுபடி கட்டத் தொடங்கியதையும் சேர்த்துச் சொன்னான். சனம் கண்ணைத் துடைத்தது. நன்றாகப் பேசுகிறான். சக்கரம் செய்தவரைப் பற்றி அவ்வளவு பேசினவன், தோல் சீவினவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது உடுப்பைக் கொடுத்தனுப்பினான். "ஓட்டை பெருசாகுதுக்கா. இன்னும் ரெண்டு குலை வச்சு மூடிரு."

வீட்டில் அதை மிஷின் மேல் விரித்தேன். அப்பா கட்டிலில் படுத்திருந்தார்.

"பிரசங்கத்துல என்ன சொன்னான்?"

"சக்கரக் கததாம்ப்பா."

மிஷின் மேலிருந்த உடுப்பைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்தச் சக்கரத்த வரையச் சொன்னப்ப, அவரோட அப்பன் உசுரோட இருந்தானா?"

"தெரியலப்பா."

"இருந்திருக்க மாட்டான்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.