என் மனைவி தனியாக விமானம் ஏறிய நாள்

காது கேளாத ஒருவர் விமானத்தில் போகவிருந்தால் நான் சொல்லும் முதல் ஆலோசனை இது: அரசாங்க உத்தியோகம் பார்க்கும் கணவனிடம் ஆலோசனை கேட்க வேண்டாம். என் மனைவி கேட்கவில்லை. ஆனாலும் நான் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, இலங்கையில் போர்க்காலம் அது. எங்கள் ஒரே மகள் கலியாணமாகிச் சென்னையில் இருந்தாள். தலைப்பிள்ளை பிறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகனுக்குத் தாய் இல்லை. வடக்கில் இருந்த எங்கள் உறவுக்காரர் யாரும் வெளியே வரக்கூடிய காலமுமல்ல. பிரசவ நேரத்தில் மகளுக்குப் பக்கத்தில் நிற்க ஒருத்தி வேண்டுமென்றால் அது என் மனைவிதான்.

நானும் கூடப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மாத்தளையில் கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு, வெளிநாட்டு விடுமுறை விண்ணப்பம் ஒன்று எந்த மேசையில் எவ்வளவு காலம் நித்திரை கொள்ளும் என்பது மனப்பாடம். பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகுதான் என்னுடைய அனுமதி வரும் என்று அன்றைக்கே சொன்னேன். அப்படியே வந்தது. நடைமுறை தெரிந்தவன் என்ற பெயரையாவது அது காப்பாற்றியது.

"நான் தனியப் போறன்," என்றாள் மனைவி.

பள்ளிக்கூடம் போகும் வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய காதுகளை எடுத்துக்கொண்டு போயிருந்தது. பேச்சை விட்டுவிட்டுப் போனது. உதடுகளைப் பார்த்தே தமிழை விளங்கிக்கொள்வாள். மாத்தளைச் சந்தையில் மரக்கறி வாங்கி வாங்கிச் சிங்களத்தையும் அப்படியே பிடித்துவிட்டாள். அவளோடு வாழ்ந்து வாழ்ந்து எனக்கும் அந்த வித்தை வந்துவிட்டது. வீட்டில் சத்தமே இல்லாமல் சண்டை பிடிக்கும் தம்பதி எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான்.

"தனியவோ? அங்கை எல்லாம் ஒலிபெருக்கியிலைதான் சொல்லுவாங்கள். ஒலிபெருக்கிக்கு வாய் இல்லை."

"சனத்துக்குக் கால் இருக்குத்தானே. எல்லாரும் எழும்பினால் நானும் எழும்புவன்."

"பிழையான சனத்துக்குப் பின்னாலை போய்க் குவைத்திலை இறங்கினால்?"

"அங்கையிருந்து உங்களுக்குக் காசு அனுப்புறன். பிறகு நீங்கள் ஒருத்தரிட்டையும் லீவு கேக்கத் தேவையில்லை."

இருந்தும் என் கடமையை நான் விடவில்லை. விமானம் ஏறும் வாசலில் பலகையை நம்பாதே, அங்கே நிற்கும் ஊழியரின் முகம் தெரிகிற கதிரையாகப் பார்த்து உட்கார். விமானத்துக்குள் நுழைந்தவுடன் பணிப்பெண்ணிடம் உன் நிலைமையைச் சொல்லிவிடு, வேண்டியதை அவளே வந்து முகம் பார்த்துச் சொல்லுவாள். பேனையும் கடதாசியும் கையில் இருக்கட்டும். இவை நல்ல ஆலோசனைகள், இன்றைக்கும் செல்லுபடியாகும். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'விசேட உதவி தேவைப்படும் பயணி' என்று தலைப்பிட்டு, விமானக் கம்பனிக்கு மூன்று பிரதிகளில் ஒரு கடிதமும் அனுப்பி வைத்தேன்.

பயண நாளன்று வழி நெடுக வாடகை வான் வண்டியிலிருந்து இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடிகளை நடந்து கடந்தோம். அப்படியான இடங்களில் நான் எப்போதும் அவளுக்கு ஒட்டினாற்போலப் பின்னால்தான் நடப்பேன். முதுகுக்குப் பின்னால் 'நில்' என்று கத்துபவனுக்கு, முன்னால் போகிறவளுக்குக் கேட்காது என்பது தெரியாது. அன்றைக்கு யாரும் கத்தவில்லை. ஓர் இளம் சிப்பாய் எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று அவள் சொன்னாள். அவன் பையைத் திறக்காமலே அனுப்பிவிட்டான்.

விமான நிலையத்தில் பயணிகளை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். வழியனுப்ப வந்தவர்கள் ஒரு கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றோம். இந்தப் பக்கம் நூறு வாய்கள் கத்தின, அந்தப் பக்கம் நூறு பேர் காதில் கையை வைத்துத் தலையை ஆட்டினார்கள். கண்ணாடி நல்ல தடிப்பு. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது என் கடிதத்துக்குப் பதில் வந்தது. சீருடை போட்ட ஒருவர், என் மனைவியின் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் நாற்காலியைப் பார்த்தாள், தன் கால்களைப் பார்த்தாள், பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆருக்கு இது?" சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

"உமக்குத்தான்."

"காது கேக்காததுக்கு ஏன் கதிரை?"

நான் கடிதத்தின் என் பிரதியை எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். அவள் தன் பையைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நடந்தாள். அந்த மனிதர் பையை மிகுந்த மரியாதையோடு தள்ளிக்கொண்டு போனார்.

பயணச்சீட்டுப் பார்க்கும் கருமபீடத்தில் இருந்த இளைஞன் கடிதத்தைப் பார்த்தான், நாற்காலியில் அமர்ந்திருந்த பையைப் பார்த்தான், அவளை ஓரமாக நிற்கச் சொன்னான். அவள் கண்ணாடியடிக்கு வந்தாள்.

"துணை இல்லாமல் ஏத்தமாட்டினமாம். மேலதிகாரியைக் கேக்கப் போறான்."

இந்த விமானம் போனால் அடுத்த இடம் எப்போது கிடைக்குமோ தெரியாது. பிள்ளை யாருக்காகவும் காத்திருக்காது. "எந்த விதியிலை அப்பிடி இருக்கெண்டு எழுத்திலை கேளும்," என்று தொடங்கினேன்.

"நீங்கள் கொஞ்சம் வாயை மூடுங்கோ. நான் இனி அவையின்ரை வாயைப் பாக்கவேணும்."

என் பக்கத்தில் நின்ற ஒருவர் தோளைத் தட்டினார். மாத்தளைக்கு அருகே இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் மனைவியை வழியனுப்ப வந்தவர். கையில் ஒரு சின்னச் சாவி.

"ஏங்கய்யா, சத்தமே வரலயே, அந்தம்மாவுக்கு வெளங்குதுங்களா?"

"நல்லா விளங்கும்."

"அப்ப நம்ம வீட்டுக்காரிக்கு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்கய்யா. பொட்டிச் சாவி என் சட்டப் பையிலயே தங்கிருச்சு. நான் சாவியக் காட்டுறேன், அவ டாட்டா காட்டுறான்னு நெனச்சு அழுதுகிட்டே நிக்கிறா."

நான் உதட்டால் சொன்னேன். என் மனைவி திரும்பி அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அழுகை அப்படியே நின்றது. பதில் என் மனைவியின் உதடுகள் வழியாக வந்தது.

"'தலைய மறந்துட்டு வராம விட்டதே பெரிய காரியம்'னு சொல்றாங்க," என்று அவருடைய பேச்சிலேயே அவரிடம் ஒப்படைத்தேன்.

"அவளேதான்!" என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாசல் காவலாளி சாவியை வாங்கி உள்ளே கொடுத்தான்.

அவ்வளவுதான். சனம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. "தம்பி, எங்கட மகனுக்குச் சொல்லுங்க, போய் எறங்கின ஒடன வாப்பாக்கு டெலிபோன் கோல் எடுக்கச் சொல்லி!" என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பக்கத்தில் என் மனைவி எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டாள். அவ்வளவு பெரிய கட்டடத்தில் அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் பேசக்கூடியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

நடுவிலே அவளுடைய கண் என்னை விட்டு விலகியது. மண்டபத்தின் கோடியில் அந்த இளைஞனும் சேலை உடுத்த ஒரு மேலதிகாரியும் தணிந்த குரலில் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மனுசி அங்கை துலைஞ்சு போனால் தன்ரை வேலை போயிடுமாம்," என்று எனக்குச் சொல்லிவிட்டு, நேராக அவர்களிடம் நடந்தாள்.

அங்கே நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். "மகன், நான் துலைய மாட்டன். மருமகன் வாசலிலை நிப்பார். உம்மடை வேலையும் போகாது," என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். அவன் தான் நின்ற இடத்துக்கும் அவள் முதலில் நின்ற கண்ணாடிக்கும் இடையில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்து பார்த்தானாம். மேலதிகாரி அம்மா வாயை அகல அகலத் திறந்து ஏதோ கேட்கத் தொடங்க, "அப்பிடிச் சொல்லை மெல்லத் தேவையில்லை. முகத்தைப் பாத்துச் சாதாரணமாய்க் கதைச்சால் போதும்," என்றாளாம். எனக்குத் தெரிந்தது அந்த அம்மா சிரித்ததும், பயணச்சீட்டில் முத்திரை விழுந்ததும்தான்.

அவள் அதை உயர்த்திக் காட்டினாள்.

"ஏத்துறாங்களாங்கய்யா?" என்று கேட்டார் இரத்தோட்டைக்காரர்.

"ஏத்துறாங்கள்!"

வெளியே நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் உள்ளே ஒருவருக்கும் கேட்கவில்லை. அவள் பார்த்தாள், சிரித்தாள், திரும்பாமல் போனாள்.

மகளுக்கு வலி எடுத்தபோது அவளுடைய கை தாயின் கைக்குள்தான் இருந்தது. பிறந்தது பெண். துவாயில் சுற்றிக் குழந்தையை வெளியே கொண்டுவந்தபோது, அழுததா அழுததா என்று எல்லோரும் தாதியைக் கேட்டார்களாம். என் மனைவி ஒருவரையும் கேட்கவில்லை. குழந்தையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள், அது அதிர்வதைக் கையில் பிடித்தாள், பிறகு அந்த ஆஸ்பத்திரி முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்தாள்:

"நல்லாத்தான் அழுறாள்!"