துளசிராம் வைத்த கட்டளை

என் அத்தான் துளசிராமுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வைகைக்கரையில் சொந்தச் சாயப்பட்டறை; கொதிக்கும் அண்டாக்களுக்கு நடுவே கத்திக் கத்தியே முரடேறிய தொண்டை. அப்பேர்ப்பட்ட மனிதர் தம் வீட்டுக்குள் ஒரு பெயரைச் சொல்ல மட்டும் பயந்தார். அது அவருடைய ஒரே மகளின் பெயர்.

சௌராஷ்டிரத் தெருவே வாயில் போட்டு மென்றபோதும், "எவன் பேசினா எனக்கென்ன?" என்று அவளைப் பட்டணத்துக்கு அனுப்பி பி.ஏ. கணக்குப் படிக்க வைத்தவர். முப்பத்திரண்டாம் வருஷம், கடைசிப் பரீட்சைக்கு முன்னால் டைபாய்டு வந்தது. பெட்டியும் படுக்கையும்தான் ஊர் திரும்பின. அதன்பிறகு யாராவது அவள் பெயரை எடுத்தால் போதும், என் அக்கா ராதாமணிக்குப் பல் கிட்டிக்கொள்ளும். மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்துவிடுவாள். அதனால் அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

"வீட்டுலதான் முடியலை, மாப்ள. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிலயாவது அவ பேரைச் சொல்லட்டும்," என்றார் அத்தான். சர்வகலாசாலையில் அவள் பெயரால் ஒரு தங்க மெடல் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சொத்தாகக் கொடுத்தால் வாங்க மாட்டோம், என்றைக்கும் வட்டி வரும்படி சர்க்கார் பத்திரமாகக் கொடுங்கள் என்றார்கள். பட்டறையை விற்றுப் பத்திரம் வாங்கிவிட்டு, அடுத்தவன் பட்டறையில் கூலிக்கு நின்றார். "கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று சண்டையே போட்டேன். காதில் வாங்கினால்தானே!

பத்திரம் கொடுக்க நானும் கூடப் போனேன். ஆபீசில் அனந்தநாராயணன் என்கிற சூப்பிரண்டு, நல்ல மனுஷர், எச்சரித்தார். "கணக்குல முதலா வர்ற மதுரைப் பொண்ணுக்கு மட்டும்னு போடறேளே, சில வருஷம் வாங்க ஆளே இருக்காதே?"

"இல்லாட்டிப் போகுது சார். நம்ம ஊர்ப் பொண்ணாத்தான் இருக்கணும்," என்று கையெழுத்துப் போட்டார் அத்தான்.

கூடலழகர் கோயிலில் அவர் தாத்தா வைத்த கட்டளை ஒன்று உண்டு. பிரசாதம் வாங்க வீட்டு ஆள் போனாலும் போகாவிட்டாலும், அந்த நட்சத்திரத்தன்று தாத்தா பெயரைச் சொல்லி அர்ச்சனை நடந்துவிடும். மெடலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். இதைப் போய் யாராவது கேட்டுத் தெரிந்துகொள்வார்களா?

முதல் வருஷப் பட்டமளிப்புக்கு ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வந்தார். யார் யார் நினைவாகவோ வைத்த மெடல்களையெல்லாம் வாசித்தார்கள். அத்தான் முன்னால் சாய்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கூட்டம் கலைந்துவிட்டது. அவள் பெயர் வரவே இல்லை.

"இந்த வருஷம் மதுரைப் பொண்ணு ஒருத்தரும் கணக்குல எழுதலையே," என்றார் சூப்பிரண்டு. "வட்டி முதலோட சேர்ந்துடும். பணம் பத்திரமா இருக்கு."

"பணத்தை யாருய்யா கேட்டா?" என்று பாய்ந்தேன் நான்.

அத்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க ஆள் இல்லைன்னா, கோயில்ல அர்ச்சனையை நிறுத்திடுவாங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். அவர் அத்தனை மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் காலை மதுரையில் வீட்டு வாசலிலேயே அக்கா நின்றுகொண்டிருந்தாள். "சொன்னாங்களா?" என்றாள்.

சொன்னார்கள் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று அத்தானுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"சொல்லலை, ராதா. வாங்க நம்ம ஊர்ப் பொண்ணு யாரும் இல்லையாம். நான் போட்ட நிபந்தனைதான்," என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்புட்டுப் படிச்சவங்க இருக்கற இடத்துல ஊரு என்ன ஊரு? மாத்தி எழுதிக் கொடுத்துட்டு வாங்க. எந்த ஊர்ப் பொண்ணா இருந்தாலும் வரட்டும். நம்ம சுந்தரவல்லி பேரைச் சொல்லி வாங்கிட்டுப் போகட்டும்!"

அவள் விழவில்லை. அத்தான்தான் அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதார்.