கை குலுக்கிக் கணக்குப் போட்ட கடை

இன்று மதியம் வீட்டில் இணையம் போய்விட்டது. மகள் யாழினிக்கோ கணிதப் போட்டிக்கு முந்தைய கடைசி ஆன்லைன் வகுப்பு. பிரிக்பீல்ட்ஸில் வைஃபை உள்ள சாப்பாட்டுக் கடைக்கு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

போன் ஸ்பீக்கரில் டீச்சர் கேட்டார்: "ஒரு விருந்துல எல்லாரும் இஷ்டத்துக்குக் கை குலுக்குறாங்க. ஒற்றைப்படைத் தடவை குலுக்கினவங்களை மட்டும் எண்ணினா, எப்பவும் இரட்டைப்படைதான் வரும். ஏன்?"

"அது எப்படி எப்பவும் வரும்? சான்ஸே இல்லலா!" என்றார் பக்கத்து மேசை அங்கிள். "வாங்க, செஞ்சே பார்த்துடலாம்."

குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயை வைத்துவிட்டுக் கடையே எழுந்து கை குலுக்கியது.

"ஒற்றைப்படை ஆளுங்க கை தூக்குங்க!" என்றாள் யாழினி.

நான்கு பேர். மறுபடி குலுக்கினார்கள். ஆறு பேர்.

அங்கிள் விடவில்லை. கல்லாவில் சும்மா உட்கார்ந்திருந்த அக்காவிடம் ஓடிப்போய்க் கை கொடுத்தார். அப்போதும் இரட்டைப்படைதான்!

யாழினி அந்த இரண்டு கைகளையே பார்த்தாள். வகுப்பில் இதுவரை வாயே திறக்காத பிள்ளை, போனைப் பிடித்துக் கத்தினாள்.

"டீச்சர்! ஒரு தடவை குலுக்கினா ரெண்டு பேருக்குமே ஒண்ணு கூடுது! அப்ப எல்லாருடையதையும் கூட்டினா இரட்டைப்படைதான்! ஒற்றைப்படை ஆளு ஒருத்தர் ஜோடியில்லாம மிஞ்சினா கூட்டுத்தொகை ஒற்றைப்படை ஆயிடும், அதான் யாரும் தனியா மிஞ்ச மாட்டாங்க!"

"சூப்பர்மா! யாரு அங்க கை தட்டுறது?" என்றார் டீச்சர்.

மொத்தக் கடையும் தட்டிக்கொண்டிருந்தது, நானும்தான்.

அங்கிள் மட்டும் நம்பவில்லை. "ஞாயித்துக்கிழமை கிள்ளான்ல கல்யாணம். அங்க பார்த்துக்கிறேன்," என்று கிளம்பிவிட்டார்.

அந்தக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் யாராவது முடிவை இங்கே சொல்லுங்கள்.