சின்னசாமி மாமாவின் புது டயர்

சின்னசாமி மாமா இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு ஆட்டோவில் வந்தது. அதில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அவருடையதேதான். கள்ளக்குறிச்சியில் எத்தனையோ காதுகுத்துக்கு அலறிய அது, முதலாளியின் சாவையும் அதே உற்சாகத்தோடு சொல்லிவிட்டுப் போனது. மாமா கேட்டிருந்தால், வழக்கம்போல "சவுண்டு கம்மி" என்றிருப்பார்.

அவருடைய மைக்செட்டில் அறிவிப்பு சொல்லும் பெண் நான். அவர் காலை நானும் என் காலை அவரும் வாருவதுதான் எங்கள் தொழில். மைக் பிடிப்பது உபதொழில்.

போன தையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணம். பிக்கப் வண்டிக்கு நாலு டயரும் புதுசு. மாட்டிக் கொடுத்தவர் மாமாவின் சின்ன வயசு சிநேகிதர் ரஹீம் பாய். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, ஜெனரேட்டர் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிக் கிளம்பினோம். வேகம் எடுத்ததுமே டிரெய்லர் வாலாட்ட, பிக்கப்பும் சேர்ந்து உலுக்கியது.

"மாமா, பாட்டு போடறதுக்கு முன்னாடியே வண்டி ஆட்டம் போடுதே?"

"கம்முனு வா, வாயாடி. டயரு டூப்பு."

ஓரங்கட்டி, பாய்க்குப் போன் போட்டார். "இன்னா பாய், ஏமாத்த நான்தான் கெடைச்சனா? இனிமே உன் கடைய மிதிக்க மாட்டேன்!" பாய் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

கச்சிராயபாளையத்தில் டயரில் காற்றுப் பார்த்தோம், சரியாக இருந்தது. நட்டுகளும் இறுக்கமாகவே இருந்தன. டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஓட்டினார். நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது வண்டி. இறங்கிவந்து டிரெய்லரை முறைத்தார்.

"கோளாறு வந்தா, கடைசியா எதுல கை வெச்சோம்னு பாக்கணும். இதுல இன்னாத்த மாத்தினோம்?"

"ஸ்பீக்கர் பாக்ஸையெல்லாம் டிரெய்லர் வால்பக்கம் தள்ளச் சொன்னீங்களே மாமா. கொக்கி மேல பாரம் ஏறினா புது டயரு நசுங்கும்னு."

மாமா தலையில் கைவைத்தார். பின்னால் பாரம் ஜாஸ்தியாகி, கொக்கிப் பக்கம் லேசாகிவிட்டது. பிடிமானம் இல்லாத டிரெய்லர் ஆடாமல் என்ன செய்யும்? பாக்ஸ்களை முன்னால் நகர்த்தினோம். கல்வராயன் மலை வளைவுகளில் வண்டி சாதுவாக ஏறியது. மாப்பிள்ளை அழைப்புக்குப் பாட்டும் போட்டுவிட்டோம்.

மறுநாள் மலையிறங்கியதும் மாமா வீட்டுக்குப் போகவில்லை. பாய் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு! ரஹீம் பாய் டயரு சொக்கத் தங்கம். பாரத்தைத் தப்பா ஏத்தின மடையன் சின்னசாமி. பாய் டீ வாங்கிக் குடுக்கற வரைக்கும் இந்த அறிவிப்பு ஓடிக்கினே இருக்கும்!"

பாய் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறுகையில் டீயோடு ஓடிவந்தார். "நிறுத்துடா டேய், மானம் போவுது!"

சாவு வீட்டில் பாய் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "யம்மா, அவன எழுப்பி இன்னொரு தடவ என்னைத் திட்டச் சொல்லேன்" என்றார். நான் அழுவதற்குள் அவரே சிரித்துவிட்டார்.

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஏதாவது ஆடினால், முதலில் என் கை பட்ட இடத்தைப் பார்ப்பேன். தப்பு என்னுடையது என்றால், திட்டியதைவிடச் சத்தமாக மன்னிப்புக் கேட்பேன். எவ்வளவு கத்தினாலும் மாமாவுக்கு அது சவுண்டு கம்மிதான்.