விரல் நுனி மஞ்சள்

ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த காலம் முழுவதும் அவருடைய வலக்கை விரல் நுனிகள் மஞ்சளாகவே இருந்தன. கையுறை போட்டாலும் எப்படியோ ஏறிவிடும். மஞ்சள் கிழங்கிலிருந்து பிரித்த பொடியை நிறுத்துக் கரைத்து, அழற்சி மூட்டிய செல்கள்மேல் சொட்டுச் சொட்டாக விடுவது அவர் வேலை. அழற்சி ஆண்டுக்கணக்கில் அடங்காமல் புகைந்தால் அந்த இடத்தில் புற்றுநோய் தலைகாட்டக்கூடும். அந்தப் புகைச்சலைப் பொடி தணிக்குமா என்பதே கேள்வி. கண்ணாடித் தட்டில் தணிந்தது. தணிந்த நாட்களில் அந்த அறையின் ஸ்பிரிட் நெடிகூட மணத்தது.

வீட்டில் அக்காவுக்குப் பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியில் அவளுடைய மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. பக்கத்தில் மஞ்சள் படிந்த கரண்டி.

"என்னக்கா இது?"

"மாத்திரை எதுக்குடா? உன் விரலைப் பார்த்தாலே தெரியுதே. நீ அங்க கரைக்கிறதை நான் இங்க தண்ணில கரைச்சுக் குடிக்கிறேன்."

"அடுத்த வாரம் குடல் சோதனை?"

"உள்ள கேமரா விட்டுப் பார்க்க நான் என்ன சினிமாவா? போகல."

அவர் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார்.

"அக்கா, நான் நேரா செல் மேலயே ஊத்துறேன். நீ குடிக்கிறதுல எவ்வளவு புண்ணு வரைக்கும் போய்ச் சேரும்னு எங்க ஆய்வுக்கூடத்துப் பெரியவருக்கே தெரியாது."

"அப்போ இத்தனை வருஷமா என்னத்தடா கிழிச்சீங்க?"

"பாதி வழி வந்திருக்கோம். மீதிப் பாதிக்கு உன்னைப் பணயம் வைக்க மாட்டேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்: "சோதனைக்கு நீயும் வா. வெளியில உட்கார்ந்திரு."

அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தார். குடலில் சிறு கட்டி ஒன்று இருந்தது. அங்கேயே வெட்டி எடுத்தார்கள். "இன்னும் புற்றாகல. தள்ளிப் போட்டிருந்தா ஆகியிருக்கலாம்" என்றார் மருத்துவர். அன்று முதல் அக்கா மாத்திரையை விடவில்லை. மஞ்சள், குழம்பில் போடுவதோடு நின்றுகொண்டது.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். விரல்கள் வெளுத்துவிட்டன. சாப்பிடும்போது சில நாள் அக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள்.

"வெறிச்சோடிப் போச்சேடா."

அவருக்கும் அந்த மஞ்சள் ஞாபகம் வரும். மாத்திரை அட்டையை அவள் பக்கம் நகர்த்துவார்.

"முதல்ல இதைப் பிரி."